படி இல்லாத வீடு

"பெத்த தாயா என்ன, அத்தைதானே? நீங்க எதுக்கு இழுத்துப் போட்டுக்கிட்டுப் பாக்குறீங்க?"

மூன்று வருடமாக இந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. மதுரை திருநகரில் வீட்டு முன்னறையிலேயே எனக்கு ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள் கதவு வழியே உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கட்டிலில் அத்தை. "யாருங்க, அம்மாவா?" என்பார்கள். அத்தை என்றதும் அடுத்தது இதுதான். "அவங்களுக்குப் பிள்ளைங்க இல்லையா?" இல்லை. "அப்போ சொத்து?" என்று வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. முகத்தால் கேட்பவர்கள் அதிகம்.

"என்னை வளர்த்தவங்க" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். பொய்யில்லை. எங்கள் ஊரில் அப்போது அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை அருப்புக்கோட்டையில் அத்தை வீட்டில் இருந்துதான் படித்தேன். மாமா கல்யாணமான நாலாம் வருடமே போய்விட்டார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஆதரவில்லாத விதவைகளுக்கு முன்னுரிமை கொடுத்து ஆள் எடுத்தார்கள். அப்படி அமைப்பாளர் வேலைக்குப் போனவர் அத்தை. தலைக்கு 100 கிராம் அரிசி என்று பள்ளியில் அளந்து அளந்து, வீட்டிலும் அதே கணக்கில்தான் உலை வைப்பார். "ரெண்டு பேருக்கு இருநூறு. நீ வளர்ற பிள்ளை, உனக்கு மேக்கொண்டு ஒரு கைப்பிடி."

ஆனால் அத்தையை நான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததற்கு அந்தக் கைப்பிடி அரிசி காரணமில்லை. என் வீட்டுக்குப் படி கிடையாது. அதுதான் காரணம்.

2022 தீபாவளிக்கு நாலு நாள் முந்தி, விடாத மழை. கொல்லையில் துணி துவைக்கிற கல் பக்கம் அத்தை வழுக்கி விழுந்துவிட்டார். வயது எழுபது. தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. அரசு மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் பாதி இடுப்பு மூட்டை மாற்றினார்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கான அட்டை அது. அத்தையின் வருமானம் சத்துணவு ஊழியருக்கான சிறப்பு ஓய்வூதியம், அப்போது மாதம் 2,000. எனவே அதில் சிக்கல் வரவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று வராந்தாவில் அண்ணன், நான், தங்கை மூன்று பேரும் நின்றோம். அண்ணனுக்குச் சென்னையில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தங்கை கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவள் மாமனார் பக்கவாதம் வந்து ஏற்கெனவே படுக்கையில். இதைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் வீடு தரையோட இருக்கு. நீயும் வீட்லதானே இருக்க" என்றார் அண்ணன். இருபது நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

அந்த இடத்தில் எனக்குப் பாசமெல்லாம் பொங்கவில்லை. கோபம்தான் வந்தது. கடை நடத்துகிறவன் 'வீட்லதானே' இருக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? அந்தக் கோபத்தில் எனக்கு இன்னொன்று உறைக்கவே இல்லை. மருந்து வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்த என் மனைவியை யாருமே கேட்கவில்லை, நான் உட்பட. அவள் மாத்திரைக் கவரோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. "சரி, கட்டிலை எங்க போடுறது?" என்று மட்டும் கேட்டாள்.

அதன்பிறகு வயதானவர்களை வைத்துப் பார்க்கிற எத்தனையோ குடும்பங்களோடு பேசியிருக்கிறேன். ஜெராக்ஸ் கடையில் மருத்துவக் காகிதங்கள் நிறைய வரும், பேச்சும் வரும். ஏன் நீங்கள் பார்க்கிறீர்கள் என்றால் எல்லாரும் கடமை, பாசம், நன்றி என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் கிளறினால் வேறு விவரம் வரும். மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு. இன்னும் கல்யாணமாகாத மகள். வெளியில் வேலைக்குப் போகாத மருமகள். கடைசியாக யார் வீட்டுக்கு வந்திருந்தபோது உடம்புக்கு முடியாமல் போனதோ, அந்த வீடு. ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமும் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பாசம் இல்லை என்று சொல்ல வரவில்லை. எல்லாருக்கும் பாசம் இருக்கிறது, அண்ணனுக்கும் இருக்கிறது. ஆனால் யார் பார்ப்பது என்பதைப் பாசம் முடிவு செய்வதில்லை.

இதை வெட்கப்படாமல் ஒத்துக்கொண்டால் ஒரு லாபம் இருக்கிறது. 'அவனுக்குத்தான் அத்தை மேல உசுரு, அவன் பாத்துக்குவான்' என்று மற்றவர்கள் கழன்றுகொள்ள முடியாது. படி இல்லாததால்தான் என் வீடு என்றால், படி இருக்கிற வீட்டுக்காரர்கள் வேறு ஏதாவது கொடுத்தாக வேண்டும். எனக்கு இது புரிய ஆறு மாதமாயிற்று. வராந்தாவிலேயே பேசியிருக்க வேண்டும். பணம் எவ்வளவு, வருடத்தில் யார் எத்தனை நாள் வந்து மாற்றிவிடுவது, இரண்டையும் ஆளைக் கூட்டி வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கூட்டி வந்தபின் பேசினால் கணக்குப் பார்க்கிற ஆளாகிவிடுவீர்கள்.

முதல் மூன்று மாதம் நாங்கள் செய்ததெல்லாம் தப்பு.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே அத்தையைப் பிடித்து நிற்க வைத்தார்கள். வாக்கரில் நடக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தைக்குப் பயம். எங்களுக்கு அதைவிடப் பயம். "நீங்க எந்திரிக்காதீங்க, எல்லாம் கட்டில்லயே பாத்துக்கலாம்" என்றோம். அன்பு என்று நினைத்துத்தான் சொன்னோம். பத்து நாளில் கால் குச்சியாகிவிட்டது. அடுத்த வாரம், துணி மாற்றும்போது முதுகுத்தண்டின் அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. மனைவி தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்துவிட்டு, பவுடர் போட்டாள். நாலு நாளில் தோல் உரிந்துவிட்டது.

கட்டுப் போட வந்த நர்ஸம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சிவந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் தேய்க்கவே கூடாது, உள்ளே சதை இன்னும் நசுங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் இடுப்பு ஆபரேஷன் என்பதால் இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்துத்தான் திருப்ப வேண்டும். அக்குளைப் பிடித்து மேலே இழுப்பது எல்லாரும் செய்கிற தப்பு, நாங்களும் செய்தோம். பழைய நூல் சேலையை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் தோல் உரசாது. காற்று மெத்தை ஒன்று வாங்கினோம். மோட்டார் வைத்து, அறை அறையாகக் காற்று ஏறி இறங்கும். அது இருந்தாலும் திருப்பியே ஆக வேண்டும். போனில் இரவு பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்துக்கு அலாரம். முதல் வாரம் நானும் எழுந்தேன். அப்புறம் அலாரம் அடித்தால் அவள் எழுந்துவிடுவாள், நான் புரண்டு படுத்துக்கொள்வேன். இந்தக் கட்டுரையில் 'நாங்கள்' என்று எழுதும் இடத்திலெல்லாம் முக்கால்வாசி அவள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முறைப்படி அவளுக்கு என் அத்தை சித்தி. "சித்தி, திரும்பிப் படுங்க" என்ற குரல் இப்போது தூக்கத்திலும் எனக்குக் கேட்கும்.

2023 தைப் பொங்கல் கழித்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் பார்க்க வந்தார். எனக்குப் பெரியப்பா முறை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழமும் வாங்கி வந்திருந்தார். அத்தை கண்ணை மூடிப் படுத்திருந்தார். காபி குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தபடி, சாதாரணமாகத்தான் சொன்னார். "எதுக்குப்பா அதையும் வதைச்சு, நீங்களும் வதைபட்டுக்கிட்டு... நல்லா எண்ணெய் தேச்சுத் தலைக்கு ஊத்தி, ரெண்டு மூணு இளநீயக் குடுங்க."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தலைக்கூத்தல் என்று பெயர். விருதுநகர் மாவட்டத்தில் நடப்பதாக 2010-ல் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. படுக்கையில் கிடக்கிற பெரியவர்களை இப்படிக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்தே அனுப்பிவைக்கும் வழி. சட்டப்படி கொலை. பேச்சில் மட்டும் அதைக் குளியல் என்பார்கள்.

மனைவி எழுந்து உள்ளே போனவள், அவர் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. நான்? "பாப்போம் பெரியப்பா" என்றேன். பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். ஏதாவது நறுக்கென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கொடுமைக்காரர் கிடையாது, அதுதான் கஷ்டம். இரண்டு பேரும் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீடுகளைப் பார்த்தே வளர்ந்தவர். ஒரு ஆள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட வேண்டும் என்றால் அந்த வீட்டில் பாதிக் கூலி போச்சு. அப்படிப்பட்ட வீடுகளில் செய்ததை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன், யாரும் சொல்லக் கூடாது. ஆனால் என் வீட்டில் அத்தை பிழைத்ததற்கு என் நல்ல மனசு காரணம் என்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன். முன்னறையில் ஒரு ஜெராக்ஸ் மிஷின் ஓடியது. அதனால் ஆள் வீட்டில் இருக்க முடிந்தது.

அந்த வாரத்திலிருந்து அத்தையின் குணம் மாறியது. தலையில் எண்ணெய் வைக்க விடவில்லை. குளிக்கவைக்கப் போனால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். சாப்பாட்டை நாலு வாய்க்கு மேல் இறக்கவில்லை. வயசாகிவிட்டது, பிடிவாதம் என்று நினைத்தோம். பிரஷருக்கு நல்லது என்று, சாப்பிடுகிற கொஞ்சக் கஞ்சியையும் உப்பில்லாமல் கொடுத்தோம்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும், பெரிய சத்தம். அத்தை கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார். "மணியாச்சு, பிள்ளைக வந்துரும், உலை வைக்கணும்." என்னைப் பார்த்து மாமா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாமா இறந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. விடியும் வரை அப்படித்தான். காலையில் பக்கத்து வீட்டம்மா திருநீறு போட்டுவிட்டுப் போனார். மறதி நோய் என்று அண்ணன் போனிலேயே முடிவு கட்டிவிட்டார். நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன். "நேத்து மத்தியானம் வரைக்கும் என் பேரைச் சொன்னவங்க, ஒரே ராத்திரியில எப்படிங்க?" என்று கேட்டது மனைவிதான்.

அந்தக் கேள்விதான் காப்பாற்றியது. ரத்தத்தில் சோடியம் 135-லிருந்து 145-க்குள் இருக்க வேண்டும். அத்தைக்கு 116. பிரஷருக்குக் கொடுத்த மாத்திரை, உப்பைச் சிறுநீரில் வெளியேற்றும் வகை. சாப்பாடு ஏற்கெனவே குறைவு. போதாததற்கு எங்கள் உப்பில்லாக் கஞ்சி. மூன்றும் சேர்ந்துவிட்டது. ஒரே நாளில் ஏற்றக் கூடாதாம், மூளைக்கு ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஐந்தாம் நாள் அத்தை கண்ணைத் திறந்து, "கடையை யாரு பாக்குறா?" என்று கேட்டார்.

இந்த ஒன்றை மட்டும் யாருக்காவது சொல்ல முடிந்தால் போதும் என்று நினைப்பேன். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். நேற்று நன்றாக இருந்தவர் இன்று உளறினால், ஆள் அடையாளம் தெரியாவிட்டால், அல்லது திடீரென்று தூங்கிக்கொண்டே இருந்தால், அதை வயசின் கணக்கில் எழுதாதீர்கள். உப்பு குறைந்திருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், சிறுநீரில் கிருமி இருக்கலாம், புது மாத்திரையாக இருக்கலாம். பெரும்பாலும் சரி செய்யக்கூடியது. போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள், நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை எல்லாவற்றையும். சீட்டில் இருப்பது ஒன்று, பாட்டி சாப்பிடுவது ஒன்று என்று டாக்டர்களுக்கே தெரியும்.

அதே வார்டில்தான் இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்துப் படுக்கை அம்மாவின் மகள் இளநீர் வாங்கி வந்திருந்தாள். நல்ல பிள்ளை. ஒரு டம்ளரில் ஊற்றி, "பாட்டி, நீங்களும் ஒரு வாய் குடிங்க, தெம்பா இருக்கும்" என்று நீட்டினாள். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குரலில், "தாயி, நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேனே" என்றார்.

அன்றைக்குப் பெரியப்பா பேசும்போது அத்தை தூங்கவில்லை.

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த டம்ளரை வாங்கி, அத்தை பார்க்க, தானே மடக்மடக்கென்று குடித்து முடித்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அதுதான் வழக்கம். கஞ்சியோ காபியோ, எதைக் கொடுத்தாலும் முதல் வாய் அவள் குடித்துவிட்டுத்தான் கொடுப்பாள். முதலில் தன் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, பிறகு அதே கிண்ணத்தோடு அத்தையிடம் போவாள். அத்தை தலைக்கு எண்ணெய் வைக்கச் சம்மதிக்க ஒன்றரை மாதமாயிற்று.

கட்டில் பக்கத்தில் நின்று எதையும் பேசாதீர்கள். செலவைப் பேசாதீர்கள், 'எத்தனை நாளைக்கு' என்று பேசாதீர்கள். கண்ணை மூடியிருப்பவர்களுக்குக் காது திறந்தே இருக்கும்.

அந்த ஏப்ரலில் ஒருநாள் இரவு, மூன்று மணி அலாரத்துக்கு எழுந்துபோய் வந்தவள் படுக்கவில்லை. உட்கார்ந்தே இருந்தாள். என்ன என்றேன். "உங்க அத்தைக்கு நான் செய்றேன். கோவில்பட்டில எங்க அம்மாவுக்கு எங்க அண்ணி செய்றாங்க. அண்ணியோட அம்மாவுக்கு யாரு செய்றாங்களோ, தெரியல" என்றாள். சண்டைக் குரல் இல்லை. ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்து, மீதி வராதது போலச் சொன்னாள். அவள் அம்மாவைப் போய்ப் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

மறுநாளே நோட்டுப் போட்டேன். நாற்பது பக்க நோட்டு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. மாத்திரை, டயப்பர், காலையில் இரண்டு மணி நேரம் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிற அக்காவின் சம்பளம். டயப்பர் இரவுக்கு மட்டும்தான். பகலில் கமோடு நாற்காலியும் பழைய வேட்டித் துணியும். தோலுக்கும் நல்லது, பைக்கும் நல்லது. அருப்புக்கோட்டை வீட்டு வாடகை 2,500-ம் ஓய்வூதியம் 2,000-ம் வரவில் ஏறின. மாத முடிவில் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அண்ணனுக்கும் தங்கைக்கும் அனுப்பினேன். பணம் வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டாம் மாதம் அண்ணன் 6,000 போட்டுவிட்டார், இன்று வரை நிற்கவில்லை. தங்கை 2,000 தருகிறாள், அதைவிட மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் பதினைந்து நாள் வந்து இருக்கிறாள். அந்தப் பதினைந்து நாளும் என் மனைவி கோவில்பட்டியில். பணத்தைவிட அந்தப் பதினைந்து நாள்தான் எங்கள் குடும்பத்தை உடையாமல் வைத்திருக்கிறது என்பேன்.

நடை திரும்பியது மக்களைத் தேடி மருத்துவத்தால். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசுத் திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார் என்று சுகாதார நிலையத்தில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. முதல் நாள் அந்தப் பெண் வந்து, கட்டில் ஓரத்தில் அத்தையை உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு ஆட்டச் சொன்னார். அவ்வளவுதான். ஐந்து மாதத்தில் அத்தை வாக்கரோடு கடை வாசல் வரை வந்துவிட்டார். முதியோருக்கான உதவி எண் 14567 என்று ஒன்று இருக்கிறது. எங்கே எதைக் கேட்பது என்று தெரியாதவர்கள் அங்கே கேட்கலாம்.

உட்கார முடிந்ததும் அத்தைக்கு வேலை வேண்டியிருந்தது. சின்ன வெங்காயம் உரிப்பது, முருங்கைக் கீரை ஆய்வது. நாங்கள் முதலில் தடுத்தோம். அப்புறம், அரிசி அளக்கிற வேலையை முழுசாக அத்தையிடம் விட்டுவிட்டோம். விருந்தாளி வந்தால் உள்ளேயிருந்து குரல் வரும்: "தாயி, தலைக்கு நூறு, அவரு பெரிய ஆளு, நூத்தம்பது போடு." என்ன கிழமை என்று கேட்டால் சில நாள் யோசிப்பார். அரிசிக் கணக்கு மட்டும் ஒருநாளும் தப்பவில்லை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் முகத்தால் கேட்கிற விஷயம். அருப்புக்கோட்டையில் ஒன்றரை சென்டில் ஓட்டு வீடு. 2024-ல் அத்தை தானாகவே, "எழுதிரணும்யா" என்றார். பத்திரம் எழுதுகிறவர் செட்டில்மென்டாக என் பேருக்கே முடித்துவிடலாம், ஒரே நாள் வேலை என்றார். வேண்டாம் என்றேன். செட்டில்மென்ட் எழுதிப் பதிந்த நிமிடமே வீடு கைமாறிவிடும். பெரியவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருந்தால்தான் மனு உறுதியாக நிற்கும். பிள்ளையில்லாத பெரியவர்களின் சொத்தை வைத்திருக்கிற அல்லது வாரிசாக அடையப்போகிற உறவினரும் அவர்களைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்று அதே சட்டம் சொல்கிறது. இது எனக்கே புதிது. உயில் என்றால் இருக்கும் வரை அவர்களுடையது, மனசு மாறினால் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது. நடமாட முடியாதவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிய முடியும். சாட்சிகளில் ஒருவராக, வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் இருந்தால் நல்லது. சொத்து யாருக்குப் போகிறதோ அவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

அத்தை உயில்தான் எழுதினார். மூன்றாகப் பிரிப்பார் என்று நினைத்தேன். என் பேருக்கு எழுதுவார் என்று அண்ணன் நினைத்தார். வீட்டை என் மனைவி பேருக்கு எழுதிவிட்டார்.

அண்ணன் இரண்டு மாதம் போன் பேசவில்லை. 6,000 மட்டும் தேதி தவறாமல் வந்தது. சொத்துக்காகத்தான் பார்க்கிறார்கள் என்று முன்பு முகத்தால் சொன்னவர்கள் இப்போது வாயாலேயே சொல்கிறார்கள். பதில் சொல்ல வழியில்லை, பத்திரம் அப்படித்தானே இருக்கிறது. மனைவியிடம் ஒருநாள் கேட்டேன், நீ எதுக்காகப் பார்க்கிறாய் என்று. கேட்கவேண்டிய நாளில் கேட்காமல் இரண்டு வருடம் கழித்துக் கேட்கிறேன். அவள் தைத்துக்கொண்டிருந்தாள். "முதப் பிள்ளை கலைஞ்சப்ப உங்க வீட்ல யாரு வந்தா?" என்றாள். யோசித்தேன். அத்தை மட்டும்தான் வந்தார். இருபது நாள் இருந்தார். தினமும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார். "ஒரு வார்த்தை அதைப் பத்திப் பேசல. களியைக் கையில குடுத்துட்டு, நான் திங்குற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருப்பாங்க" என்றாள். எனக்கு அந்தக் களி ஞாபகமே இல்லை. மிஷின் பெடலை மிதித்துவிட்டு, "ஆனா வீடு எழுதினதும் சந்தோஷமாத்தான் இருக்கு. பொய் சொல்லுவானேன்" என்றாள்.

இந்தச் சித்திரையில், நல்ல வெயில் நேரம். அத்தை வாக்கரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் யாருக்கோ பட்டா நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் மூன்று சக்கர வண்டியில் இளநீர்க்காரர் போனார்.

"யய்யா, அவனை நிறுத்து."

மிஷினை அணைத்துவிட்டு வந்தேன். "யாருக்கு அத்தை?"

"எனக்குத்தான்."

உள்ளே தையல் மிஷின் சத்தம் நின்றுவிட்டது. மனைவி கதவோரம் வந்து நின்றாள். அத்தை அவளைப் பார்க்கவில்லை. இளநீர்க்காரர் எடுத்ததை வேண்டாம் என்று, கீழே கிடந்த ஒன்றைக் கையை நீட்டிக் காட்டினார். விலை கேட்டார். அம்பது என்றதும், "அம்பதா? தேங்காயே வாங்கிரலாமேப்பா" என்று ஐந்து நிமிடம் பேரம் பேசி, ஐந்து ரூபாய் குறைத்துவிட்டுத்தான் வெட்டச் சொன்னார். ஸ்ட்ரா வேண்டாம் என்று அண்ணாந்து குடித்தார். பாதி சேலையில் ஊற்றிக்கொண்டார். முடித்துவிட்டு, காயைப் பிளந்து வழுக்கையைச் சுரண்டித் தரச் சொன்னார், மருமகளுக்கு.